மத்தவங்க வீட்டு முகவரி

மனிதகுலம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை மனத்தில் எள்ளளவும் பாரபட்சம் இல்லாமல் வாழ்ந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அன்று காலை ஒரு காலில் சாக்ஸோடும் மறு காலில் சாக்ஸ் இல்லாமலும், மூன்றாம் மாடி வீட்டின் கூடத்தில் சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்தத் தகவலைத் தந்தவர் அவரேதான். மறுத்துப் பேசக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. மனைவி சமையலறையில் இருந்தாள். அவள் மறுத்திருந்தாலும் மிக்சி சத்தத்தில் கேட்டிருக்காது.

அவருக்குத் தொழிலும் அதுதான். கம்பெனி கம்பெனியாகப் போய், ஊழியர்களை வரிசையாக உட்காரவைத்து, பாரபட்சத்தை ஒழிப்பது எப்படி என்று அரை நாள் வகுப்பு எடுப்பார். வகுப்புக்குப் பெயர் 'திறந்த மனம்'. முழு நாள் வகுப்பும் உண்டு. அதில் மனம் கூடுதலாகத் திறக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் மதியச் சாப்பாடு உண்டு. முடிவில் எல்லாருக்கும் நீல நிறத்தில் ஒரு ரப்பர் வளையம் கொடுத்துக் கையில் மாட்டிக்கொள்ளச் சொல்வார். அதில் 'என்னுள் சுவர் இல்லை' என்று எழுதியிருக்கும். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவருடைய ஆபீசில் மட்டும் தொழிலுக்கு ஆகாது என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்றபடி போன இடமெல்லாம் வெற்றிதான். கட்டடத்தில் எல்லாரும் அவரை 'டிரெய்னர் சார்' என்று கூப்பிட்டார்கள். ரயிலில் வேலை பார்க்கிறவர் என்று தபால்காரர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார்.

டிரெய்னர் சட்டையின் முன்பக்கத்துக்கும் காலருக்கும் மட்டும் அயர்ன் போடுவார். பின்பக்கத்துக்குக் கோட்டு இருக்கிறது. கோட்டைக் கழற்றுகிற அளவுக்குப் புழுக்கமான கம்பெனி எதுவும் அவரை இதுவரை அழைத்ததில்லை.

மிக்சி நின்றது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"எதிர் வீட்டை லென்ஸுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

அயர்ன் காலரின் மேல் அப்படியே நின்றது. லேசாக வாடை வந்த பிறகுதான் அவர் அதைத் தூக்கினார்.

"எந்த லென்ஸு?"

"ஊர்ல எத்தனை லென்ஸு இருக்கு? எங்க கடை லென்ஸுதான்."

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு முகத்துக்குத் தகுந்த ஃபிரேம் எடுத்துக் காட்டுவது அவள் பொறுப்பு. அந்த ஃபிரேமுக்குள் உட்காரும்படி கண்ணாடியை விளிம்பு தேய்த்துத் தருகிறவளுக்குத்தான் லென்ஸ் என்று பெயர். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள், சிரித்தால் கடைக்கு வெளியே கேட்கும். இதையெல்லாம்விட முக்கியமான விஷயம், அவள் ஓர் அக்கரைக்காரி.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருக்கிறது. அந்த நாட்டுக்காரர்களை இங்கே அக்கரைக்காரர்கள் என்பார்கள். அவர்கள் நாட்டில் இவர்களை அக்கரைக்காரர்கள் என்பார்கள். நடுக்கடலில் நின்று பார்த்தால் எல்லாரும் அக்கரைதான். ஆனால் நடுக்கடலில் யாருக்கும் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை.

லென்ஸ் குடியிருந்த பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மகளுக்கு இந்தப் பகுதிப் பள்ளிக்கூடத்தில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்தப் பகுதியில் ஒரு முகவரி காட்ட வேண்டும். அதற்குத் திங்கட்கிழமைவரைதான் கெடு. அவளும் இரண்டு மாதமாக வீடு தேடுகிறாள். எதிர் வீடு மனைவிக்கு அவளுடைய அப்பா எழுதிவைத்துவிட்டுப் போனது. பழைய குடித்தனக்காரர்கள் காலி செய்துபோய், சாவி இந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தாராளமா குடு," என்றார் டிரெய்னர். "இதுல என்னைக் கேக்கணுமா? யாருகிட்ட கேக்கறே நீ?"

"கேக்கல. சொன்னேன்."

"நல்லது. ரொம்ப நல்லது." சாக்ஸைத் தேடுவதுபோல் சோபாவுக்கு அடியில் குனிந்தார். குரல் அங்கிருந்து வந்தது. "எதுக்கும் கட்டடத்துல இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா மரியாதையா இருக்கும்."

"போன தடவை குடிவந்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னோமா?"

"அது வேற."

"என்ன வேற?"

"அப்ப லீவு நாளு. யாரும் ஊர்ல இல்ல."

மனைவி சோபாவின் கைப்பிடி மேலேயே கிடந்த சாக்ஸை எடுத்து அவர் குனிந்திருந்த முதுகின் மேல் போட்டாள்.

அவரைக் குறை சொல்ல முடியாது. லென்ஸ் இந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். பரிமாறியவர் அவரேதான். அந்தச் சாப்பாட்டை அதற்குப் பிறகு மூன்று கம்பெனிகளில் உதாரணமாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது கம்பெனியில் அவர் சொன்னபோது மேஜையில் அக்கரைக்காரர்கள் ஒரு குடும்பமாகப் பெருகியிருந்தார்கள். ஆனால் மேஜை வேறு, எதிர்க்கதவு வேறு. மேஜைக்கு வருகிறவர்கள் கை கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். எதிர்க்கதவு தினமும் திறக்கும். அவரைப் பார்க்க வருகிற கம்பெனிக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கதவைத்தான். இப்படி ஓர் எண்ணம் தமக்குள் ஓடுவது அவருக்கே தெரியாது. பாரபட்சமே இல்லாத மனிதர் பாரபட்சத்தைத் தேடிப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டாம் மாடியில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டிரெய்னர் நின்று ஒரு வார்த்தை சொன்னார். முதல் மாடியில் டெய்லரம்மா கதவைத் திறந்து வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அங்கும் ஒரு வார்த்தை. தரைத்தளத்தில் மருந்துக்கடைக்காரர் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார். ஷட்டர் பாதியில் நின்று, ஒரு வார்த்தைக்குப் பிறகு மறுபடி ஏறியது.

அன்றைய வகுப்பு ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில். டிரெய்னரின் வகுப்பில் பேர்போன இடம் ஒன்று உண்டு. அதற்கு 'மத்தவங்க வியாதி' என்று அவரே பெயர் வைத்திருந்தார். குறிப்புத் தாளைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு (அவருக்குக் கண்ணாடி பிடிக்காது), அரங்கத்தின் நடுவில் வந்து நிற்பார்.

"பாரபட்சம் பிடிச்சவன் கெட்டவனா இருப்பான்னு நினைக்கிறீங்க. இல்ல. அவன் ரொம்ப நல்லவன். அவன் எப்படிப் பேசுவான் தெரியுமா?"

இங்கே வலது கையை நெஞ்சில் வைப்பார். தலையை இடது பக்கம் லேசாகச் சாய்ப்பார். குரலைப் பாதியாகக் குறைப்பார்.

"'எனக்கு ஒண்ணும் இல்ல சார்… மத்தவங்கதான் என்ன சொல்வாங்களோ…'"

ஆபீசே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த வாரம் அதே வாக்கியத்தை எங்கோ சொல்லிவிட்டு வந்தவர்கள். அதனால்தான் சிரிப்பு அவ்வளவு சுத்தமாக வந்தது.

பின்வரிசையில் கிளார்க் ஒருத்தி கை தூக்கினாள். "சார், நிஜமாவே மத்தவங்களுக்குப் பிரச்சினை இருந்தா என்ன பண்றது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருப்பார். யாரும் கேட்காவிட்டால் அவரே கேட்டுக்கொள்வார்.

"அந்த மத்தவங்க வீட்டு முகவரியை வாங்கும்மா. நேரா போ. கதவைத் தட்டு. அவங்க அடுத்த வீட்டைக் காட்டுவாங்க. அங்கயும் தட்டு. விடாம கடைசிக் கதவு வரைக்கும் போய்ப் பாரு. மத்தவங்கன்னு ஒருத்தர் இந்த உலகத்துலயே கிடையாதுன்னு தெரிஞ்சுபோகும்."

கைதட்டல். வளையங்கள் விநியோகம். கிளார்க் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் மாமியாருக்கு.

சாயங்காலம் டிரெய்னர் வீடு திரும்பி, கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு உட்கார்ந்தபோது மனைவியும் லென்ஸும் கடையிலிருந்து நேராக வந்தார்கள். லென்ஸ் சுவரை அளக்க டேப்பு கொண்டுவந்திருந்தாள். மகளுடைய மேஜை ஜன்னலோரம் நிற்குமா என்று பார்க்க வேண்டுமாம்.

"வாங்க வாங்க," என்றார் டிரெய்னர். "உக்காருங்க. நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க." பிறகு மனைவியைப் பார்த்து, "ஒரு நிமிஷம் உள்ள வாயேன்," என்றார்.

சமையலறையில் அவர் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிட்டார்.

"மேனேஜருக்கு ஒண்ணும் இல்லையாம்," என்றார், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில். "டெய்லரம்மாதான் கொஞ்சம் யோசிக்கிறாங்களாம். மருந்துக்கடைக்காரரும் முழுசா வாய் திறக்கல. எனக்கு என்ன, நான் எப்படிப்பட்டவன்னு உனக்கே தெரியும். ஆனா நாளைக்கு அந்தப் பொண்ணுக்கே சங்கடம் ஆயிடக்கூடாது பாரு. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அவ நல்லதுக்கா?"

"வேற யாரு நல்லதுக்கு?"

மனைவி அவரையே பார்த்தாள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். இது கழுவ எடுப்பதற்கு முன்பே நழுவிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள். கூடத்துக்கு வந்தபோது லென்ஸ் டேப்பைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுவிட்டிருந்தாள்.

"ஏன் எந்திரிச்சுட்டே?"

"குழாய் தொறந்த சத்தம் கேட்டுச்சு," என்றாள் லென்ஸ். "போற வீட்டுலயெல்லாம் என்னை உக்கார வச்சுட்டு உள்ள போய்க் குழாயைத் தொறப்பாங்க. ஒரு வீட்டுல தண்ணியே வரல, பாவம், டிவியை வச்சாங்க." அவள் சிரித்தாள். ஆனால் கடைக்கு வெளியே கேட்கிற சிரிப்பு இல்லை அது. "யாரும் என்னை வேணாம்னு சொன்னதில்லடி. எல்லாரும் நல்லவங்க. நல்லவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தான் காலு வலிக்குது."

தினம் காலையில் அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கணவர் நடத்துகிற ஒத்திகையை வருஷக்கணக்காகக் கேட்டு வந்தவள் மனைவி. வகுப்பு அவளுக்கு மனப்பாடம்.

"வா," என்று லென்ஸின் கையைப் பிடித்தாள். "மத்தவங்க வீட்டுக்குப் போயிட்டு வரலாம்."

டிரெய்னர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய சொந்த வாக்கியம்தான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படித் தடுப்பது என்று அவர் வகுப்பில் சொல்லித்தந்ததில்லை.

மேனேஜர் கதவைத் திறந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர். காதுதான் கொஞ்சம் மந்தம். அதை ஒப்புக்கொள்ளமாட்டார், இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தொண்டை பலமில்லை என்பார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "நானே அக்கரைக்கு டூர் போனவன். தங்கமான ஜனங்க. என்ன, கொஞ்சம் சத்தமா பேசுவாங்க. அந்தச் சத்தம் நமக்கு ஒத்துக்காது."

"நான் சத்தமா பேசறேனா சார்?" என்றாள் லென்ஸ்.

"என்னம்மா? கேக்கல. சத்தமா சொல்லு."

லென்ஸ் சத்தமாகச் சொன்னாள்.

"பாத்தியா," என்றார் மேனேஜர், மனைவியிடம், வருத்தத்தோடு. பிறகு, "நான் பொறுத்துக்குவேன். டெய்லரம்மாதான் பாவம், நாள் பூரா வீட்லயே உக்காந்து வேலை பாக்கறவங்க. அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க," என்றார்.

டெய்லரம்மாவின் வாயில் குண்டூசிகள் இருந்தன. விஷயத்தைக் கேட்டதும் ஒவ்வொன்றாக எடுத்துக் குஷனில் குத்திக்கொண்டே யோசித்தாள்.

"சத்தமா?" என்றாள். "யாரு சொன்னா? அக்கரைக்காரங்க வாயே தொறக்க மாட்டாங்களே. அதான் பயமே. நம்மாளுங்கன்னா சண்டை போட்டாக் கேக்கும், அழுதாக் கேக்கும், ஒரு நிம்மதி. அவங்க வீட்டுல என்ன நடக்குதுன்னே தெரியாது. எனக்கு ஒண்ணும் இல்ல. என் மெஷின் சத்தத்துல பக்கத்துல எரிமலை வெடிச்சாலும் எனக்குத் தெரியாது."

"ஆனா இவ நல்லா பேசுவாளே அக்கா," என்றாள் மனைவி. "பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டா."

டெய்லரம்மா லென்ஸை மேலும் கீழும் பார்த்தாள். அளவெடுக்கிற பார்வை.

"இவளைப் பாத்தா அப்படித் தெரியல. இவ அவங்க மாதிரி இல்ல. விதிவிலக்கு."

"எல்லாரும் என்னை அதான் சொல்றாங்கக்கா," என்றாள் லென்ஸ். "என் தம்பி வேலை பாக்கற இடத்துல அவனையும் விதிவிலக்குன்னுதான் சொல்றாங்களாம். எங்க அம்மாவும் விதிவிலக்குதான், அவங்க போற டாக்டர் சொன்னாரு. எங்க குடும்பத்துல விதி யாருன்னே இன்னும் தெரியல."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குண்டூசி இன்னும் வாயில் இருந்ததால் அடக்கிக்கொண்டாள். "உங்க ஊர்ல எங்களைப் பத்தி என்ன சொல்லுவாங்க?"

"ரொம்ப நல்லவங்கம்பாங்க. ஆனா வீடு குடுக்க மாட்டாங்க."

"ஏனாம்?"

"சிரிச்சுட்டே இருப்பாங்க, மனசுல என்ன இருக்குன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்களாம். நான் இங்க வந்தப்ப அதெல்லாம் பொய்யின்னு எங்க ஊருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன்."

டெய்லரம்மா சிரிப்பதை நிறுத்தினாள். தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இல்லாத ஒரு தப்பைத் தேடினாள். "எனக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லடியம்மா," என்றாள், இந்த முறை துணியிடம். "கடைக்காரர்தான் ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு."

கடையில் கூட்டம் இல்லை. மருந்துக்கடைக்காரர் கதையைக் கேட்டு முழித்தார்.

"நானா? நான் என்னத்த சொன்னேன்? இவங்க நம்ம கடைக் கஸ்டமரு. பொண்ணுக்கு இருமல்னா இங்கதான் வருவாங்க. எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மேல்வீட்லதான்…"

"எந்த மேல்வீடுண்ணே? மேல இருக்கிற வீட்டுலயெல்லாம் கேட்டுட்டுத்தான் வர்றோம்."

"உங்க வீட்டுலதான்."

கடைக்காரர் தயங்கினார். லென்ஸைப் பார்த்தார். குழாய் எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததால் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"காலைல டிரெய்னர் சார் வந்து நின்னாரு. எதிர் வீட்டுக்கு அக்கரைக்காரங்க வர்றாங்க, 'உங்களுக்கு ஒண்ணும் இல்லையே'ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். 'தயங்காம சொல்லுங்க, மனசுல வச்சுக்காதீங்க'ன்னாரு. மறுபடியும் இல்லைன்னேன். அப்பவும் போகல. 'எதுனா சங்கடம் இருந்தா நான் பாத்துக்கறேன், உங்க பேர் வெளிய வராது'ன்னாரு. எனக்குப் பயமாயிடுச்சு. படிச்சவரு. இந்த விஷயத்துக்குன்னே ஊர் ஊரா கிளாஸ் எடுக்கிறவரு. அவரே இத்தனை தடவை கேக்கறாருன்னா ஏதோ இருக்கும்போலன்னு, சரி, கொஞ்சம் யோசிக்கலாம்னு சொல்லிவச்சேன்."

"மேனேஜர்கிட்டயும் இப்படித்தான் கேட்டிருப்பாரு," என்றாள் மனைவி.

"டெய்லரம்மாகிட்ட என்னைக் காட்டிக் கேட்டிருக்காரு. என்கிட்ட டெய்லரம்மாவைக் காட்டி," என்றார் கடைக்காரர்.

இருவரும் படியேறினார்கள். முதல் மாடியில் தையல் மெஷின் ஓடத் தொடங்கி, இவர்கள் காலடி கேட்டு நின்று, இவர்கள் தாண்டியபிறகு மறுபடி ஓடியது. இரண்டாம் மாடி வளைவில் மனைவி நின்றாள்.

"எனக்கு உன் மூஞ்சியைப் பாக்க வெக்கமா இருக்கு."

"உன் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லடி," என்றாள் லென்ஸ். "நாளிதழை இவ்வளவு தூரத்துல வச்சுப் படிக்கிறாரே, பாத்திருக்கேன். தூரத்துல இருக்கிறதெல்லாம் அவருக்கு நல்லாத் தெரியும். கிட்ட வந்தாத்தான் கலங்கும். வெள்ளெழுத்து. கடைக்குக் கூட்டிட்டு வா, நானே தேய்ச்சுத் தர்றேன்."

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. லென்ஸுக்கும் வரவில்லை. கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன். வீடு கிடைச்சாச்சுன்னு நேத்தே பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். அவ இந்த முகவரியை மனப்பாடம் பண்ணிட்டா. பல்லு தேய்க்கும்போதும் சொல்றா, தூக்கத்துலயும் சொல்றா. அதை இப்ப எப்படி மறக்கச் சொல்றது?"

மனைவி விறுவிறுவென்று மேலே ஏறினாள். தன் வீட்டு வாசலில் போய் நின்றாள். கைப்பையில் சாவி இருந்தது. அதை எடுக்காமல் காலிங்பெல்லை அழுத்தினாள்.

டிரெய்னர் திறந்தார்.

"வணக்கம் சார்," என்றாள் மனைவி. "எல்லா வீட்டுலயும் கேட்டாச்சு. இதுதான் கடைசிக் கதவு. எதிர் வீட்டுக்கு இவங்க குடிவர்றாங்க. வீட்டுச் சொந்தக்காரி சம்மதிச்சாச்சு. உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

டிரெய்னர் மனைவியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் லென்ஸைப் பார்த்தார். பேச்சே தொழிலாகக் கொண்டவர் என்பதால் வாய் தானாகவே வேலையைத் தொடங்கியது.

"எனக்கா? ஆட்சேபணையா? யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்கறே? இந்தக் கட்டடத்துக்கே இது ஒரு முன்னுதாரணம். நான் நாளைக்கு கிளாஸ்லயே சொல்லப்போறேன்." சொல்லிவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அலமாரியோரம் இருந்த அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டு நீல வளையம் ஒன்றை எடுத்து லென்ஸிடம் நீட்டினார்.

லென்ஸ் அதை வாங்கி, எழுத்தைப் படித்து, இழுத்துப் பார்த்தாள். விளிம்பு பார்த்துப் பழகிய கை.

"இன்னொண்ணு இருக்குமா சார்? பொண்ணுக்கு ரெட்டைப் பின்னல்."

டிரெய்னர் இன்னொன்று எடுத்துக் கொடுத்தார்.

மனைவி அவரைத் தாண்டிக் கையை நீட்டி, கதவுக்குப் பின்னால் ஆணியிலிருந்த சாவியை எடுத்து லென்ஸின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். லென்ஸ் எதிர்க்கதவைத் திறந்தாள். சுவிட்சைத் தட்டினாள், இருட்டாகவே இருந்தது. பழைய குடித்தனக்காரர்கள் பல்பையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான்.

"இரு, எங்ககிட்ட ஒண்ணு இருக்கு," என்று மனைவி உள்ளே போனாள். பரண்மேல் ஏற நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. லென்ஸ் எதிர் வீட்டு இருட்டுக்குள் நின்று, டேப்பை விரித்து, கைத்தடவலிலேயே ஜன்னலோரம் எவ்வளவு நீளம் என்று பார்க்கத் தொடங்கினாள். கதவைச் சாத்தவில்லை.

வாசலில் டிரெய்னர் மட்டும் நின்றார். அப்போது படியில் மூச்சுவாங்கும் சத்தம் கேட்டது. மேனேஜர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, இரண்டு படி கீழேயே நின்றார். காது மந்தமானவர்களுக்கு ரகசியம் பேசத் தெரியாது. ஆனால் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"குடுத்துட்டீங்களா டிரெய்னர் சார்?"

டிரெய்னர் தலையாட்டினார்.

"காலைல நீங்க எங்களையெல்லாம் கேட்டீங்க. உங்களை யாரும் கேக்கல. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

டிரெய்னர் அவரை நோக்கி நன்றாகத் திரும்பிக்கொண்டார். எதிர் வீட்டு இருட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இப்போது அவருடைய முதுகு தெரிந்திருக்கும். கோட்டு இல்லை. சட்டையின் பின்பக்கம் துவைத்துப் பிழிந்த மேனிக்கு அப்படியே சுருங்கிக் கிடந்தது. டேப்பு சுருள்கிற சத்தம் நின்றிருந்தது.

அவருடைய வலது கை மெல்ல எழுந்து நெஞ்சுக்குப் போயிற்று. தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. குரல் பாதியாகக் குறைந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்… மத்தவங்கதான் என்ன சொல்வாங்களோ…"

"கேக்கலியே," என்றார் மேனேஜர். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

டிரெய்னர் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல் இரண்டு படி இறங்கி, அவர் காதருகே குனிந்து, இன்னொரு தடவை சொன்னார்.